மூணு மடிப்புத் தலை

திரைக்குத் தலை உண்டுன்னு எனக்கு இருபத்திரெண்டு வயசு வரைக்கும் தெரியாது. எங்க லயத்து வீட்டுல திரைன்னா என்ன? ரெண்டு ஆணி, நடுவுல ஒரு ஸ்பிரிங் கம்பி, மேல் ஓரத்தை மடிச்சுத் தச்சு அந்தக் கம்பியை உள்ள விட்டா முடிஞ்சுது வேலை. அறை வாசல்ல ஒண்ணு, ஜன்னல்ல ஒண்ணு. கிழிஞ்சா கரித்துணி. இதுக்கெல்லாம் படம் போட்டுப் புத்தகம் அச்சடிப்பாங்கன்னு யாராச்சும் சொல்லியிருந்தா, வேலை வெட்டி இல்லாதவங்கன்னு சிரிச்சிருப்பேன்.

எழுபதுகளோட கடைசி அது. நான் கீழ்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. சனிக்கிழமை வகுப்புல தையல் படிச்சவ. ரவிக்கை, பள்ளிக்கூடச் சட்டை, தலையணை உறை, எதைக் கொடுத்தாலும் தச்சிருவேன். கல்யாணமாகி கேமரன் மலைக்கு வந்தப்ப என் தையல் மெஷினும் லோரியில என்கூட ஏறி வந்துச்சு. ஆனா இங்க யாருக்கு வேணும் தையல்? தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் கை வேணும். குளிருல விரலு மரத்துப் போய், அட்டைக் கடியோட சரிவுல நின்னு பறிச்சேன். எனக்கு அந்த வேலை பிடிக்கவே இல்ல. பிடிக்கலேன்னு வாய்விட்டுச் சொன்னதுக்கு மாமியார் வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு.

முதல் புள்ளை வயித்துல இருந்த நாலாம் மாசத்துல மலையிலேயே கலைஞ்சு போச்சு. முதுகுல கூடை இருந்துச்சு. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு மனசில்ல.

ரெண்டாவது தடவை நின்னப்ப, தோட்டத்து ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குற டிரஸர் கண்டிப்பா சொல்லிட்டாரு, இந்தத் தடவை மலை ஏறக்கூடாது, ஏறினா இதுவும் தங்காதுன்னு. சொல்றது சுலபம் லா. அப்ப எங்க வீட்டுக்காரரு உர மூட்டை லோரியில இருந்து விழுந்து, கால் எலும்பு முறிஞ்சு, மாவுக்கட்டோட கிடந்தாரு. வீடு தோட்டத்து வீடு. வீட்டுல ஒரு ஆள் பேராவது வேலையில இருந்தாத்தான் குடியிருக்க விடுவாங்க. அவரு பேரு ஏற்கனவே வேலை ஏட்டுல இருந்து விழுந்து கிடக்கு. என் பேரும் விழுந்தா சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பிள்ளைப்பேறு லீவு கடைசியிலதான் கிடைக்கும், அதுக்கு இன்னும் மாசக்கணக்கு இருந்துச்சு. மலைக்குப் போனா புள்ளை போகும், போகலேன்னா வீடு போகும்.

அந்த நேரத்துல கை கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அக்கான்னா கூடப் பொறந்தவங்க இல்ல. லயத்துல எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவர்தான், அந்த உறவு. நாப்பது வயசு தாண்டினவங்க. புருஷன் இல்ல, புள்ளையும் இல்ல. பதினஞ்சு வருஷம் மலையில பறிச்சு, மூச்சு இளைப்பு வந்து, டிரஸர் சீட்டு எழுதிக் கொடுத்து, தொரை பங்களாவுல கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தவங்க. வாய் மட்டும் கொஞ்ச நீளமில்ல. ஒரு நாள் சாயங்காலம் தண்ணிக் குழாய்கிட்ட என்னைப் பாத்து, "ஏய், புது தொரசானி ஜன்னலுக்குத் திரை தைக்க ஆள் தேடுது. ஈப்போவுல இருந்து துணி மலை மாதிரி வந்து கிடக்கு. நீதான் பெரிய தையக்காரியாச்சே, வர்றியா?"ன்னாங்க.

"நான் திரையெல்லாம் தச்சதில்லக்கா."

"தச்சதில்லேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ வாயை மூடிக்கிட்டு வா. பேசுறதை நான் பேசிக்கிறேன்."

தொரசானி, அதான் தோட்டத்து மேனேஜர் தொரையோட சம்சாரம், சீனத்தி. கோலாலம்பூர்ப் பக்கம். எங்ககிட்ட மலாய்லதான் பேசும். அதட்டிப் பேசாது, ஆனா சிரிக்கவும் சிரிக்காது. அக்கா என்னைப் பத்தி அடிச்சு விட்ட புளுகுல எனக்கே கூச்சமாப் போச்சு. தொரைமாருங்க வீட்டுக்கெல்லாம் தச்சவளாம் நான். எந்தத் தொரை, எந்த வீடுன்னு தொரசானி கேக்காம விட்டது என் நல்ல நேரம். ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து மேசையில விரிச்சு வச்சு, "லங்சீருக்கு எந்தத் தலை நல்லாருக்கும்? நீ சொல்லு"ன்னு கேட்டுச்சு.

நான் திருதிருன்னு முழிச்சேன். லங்சீர்னா மலாய்ல திரை, அது தெரியும். தலையா? அப்புறம் படத்தைப் பாத்துத்தான் புரிஞ்சுது. திரையோட மேல் பக்கம், கம்பியில தொங்குற இடம், அதுதான் தலை. நாலஞ்சு விதம் இருந்துச்சு. முதல் படம் எங்க வீட்டுத் திரையேதான், மேல மடிச்சு உறை மாதிரித் தச்சுக் கம்பியை விடுறது. அடேயப்பா, நம்ம வீட்டுத் திரை புத்தகத்துல வந்திருச்சேன்னு நினைச்சேன். அடுத்தது நாடா வச்சுக் கயிறு இழுத்துச் சுருக்குறது, பாவாடை நாடா மாதிரி. இன்னொண்ணு துணியில ஓட்டை போட்டு வளையம் அடிக்கிறது. கடைசிப் படத்துல, துணி சமமா வந்து, சாணுக்கு ஒரு இடத்துல மூணு மடிப்பாச் சேந்து நிமிந்து நின்னு, மறுபடி சமமாப் போகுது. பின்னால கொக்கி. அந்தக் கொக்கி மேல இருக்கிற தண்டவாளத்துல ஓடும்.

"எனக்கு இதுவே போதும்னு தோணுது, சுலபம்தானே?"ன்னு தொரசானி அந்த உறைத் தலையைத் தொட்டுக் காட்டுச்சு.

அந்த ஒரு நிமிஷத்துல என் புத்தி ஓடின ஓட்டத்தை இன்னைக்கும் நினைச்சுப் பாக்குறேன். உறைத் தலைன்னா ரெண்டு நாள் வேலை. நேரா ஒரு தையல், அவ்வளவுதான். தச்சுக் கொடுத்துட்டு, தெரிமா காசின்னு நன்றி சொல்லிட்டு, மூணாவது நாள் கூடையை மாட்டிக்கிட்டு மலைக்குப் போகணும். ஆனா அந்த மூணு மடிப்புத் தலை? அதைத் தைக்க நாளாகும். தச்ச பிறகும் விடாது. இந்த மலையில பனி உள்ள வந்து எந்தத் துணியிலயும் பூசணம் பிடிக்கும், ரெண்டு மாசத்துக்கொரு தரம் கழட்டித் துவைச்சே ஆகணும். கொக்கியெல்லாம் எடுத்து, துவைச்சு, மடிப்பு மடிப்பா இஸ்திரி போட்டு, திரும்ப மாட்டணும். அதுக்குத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும். எப்பவும் வேணும்.

அதனால சொன்னேன். "உறைத் தலை இந்த ஊருக்கு ஆகாது அம்மா. ஈரத்துல துணி கம்பியோட ஒட்டிக்கும், இழுக்க இழுக்கக் கிழியும். நாடா வச்சா கயிறு இத்துப் போகும். வளையம் துருப் பிடிச்சுத் துணியெல்லாம் கறையாகும். இந்த மூணு மடிப்புதான் சரி. பாக்கவும் பெரிய இடத்துத் திரையா இருக்கும். என்ன, கழட்டி மாட்ட மட்டும் தெரிஞ்ச ஆள் இருக்கணும்."

பொய்யின்னு சொல்ல முடியாது. ஆனா எங்க வீட்டு உறைத் திரை மூணு வருஷமாக் கிழியாமத்தான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அது பக்கத்துல நின்ன அக்காவுக்கும் தெரியும். அவங்க உதட்டை மடிச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்கினாங்க. வெளிய வந்ததும் என் தலையில ஒரு தட்டு தட்டி, "பலே கெட்டிக்காரிடி நீ. பொழைச்சுக்குவ"ன்னாங்க.

தொரசானி தொரைகிட்டப் பேசி, திரை முடியிற வரைக்கும் எனக்கு மலை வேலை வேணாம், பேரு விழாதுன்னு சொல்லிருச்சு. பெரிய கூடத்துக்கு அஞ்சு ஜன்னல், ஜன்னலுக்கு ரெண்டு, ஆக மொத்தம் பத்துத் திரை. தடிச்ச துணி, அடர்பச்சை. அதுக்கு உள்ள வெள்ளை லைனிங் துணி, தலைக்குள்ள வைக்க விறைப்பாக் கஞ்சி போட்ட ஒரு பட்டை. எங்க வீட்டுல அதை விரிக்க இடமில்ல. கட்டில்ல பாதி, சமையல் கட்டுல பாதி. எங்க வீட்டுக்காரரு மாவுக்கட்டுக் காலைத் தூக்கித் தூக்கி வச்சு எனக்கு இடம் விட்டாரு.

எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு, தலைக்கு வர்ற வரைக்கும். மூணு மடிப்புன்னா மூணு மடிப்பு, இதுல என்ன இருக்கு? பத்து வயசுல இருந்து சேலை கட்டுறவங்களைப் பாத்து வளந்தவ, எனக்கா மடிக்கத் தெரியாது? கொசுவம் வைக்கிற மாதிரியே ஒண்ணு மேல ஒண்ணா மூணு மடிப்பை அடுக்கி, ஒரே பக்கமாச் சாய்ச்சு, விரலால நீவி விட்டு, மேல அழுத்தி ஒரு தையல். வரிசையா நீவி நீவி வச்சேன். பத்துத் திரையும் முடிச்சு மடிச்சு வச்சப்ப எனக்கு அப்படி ஒரு பெருமை.

கொக்கி பத்தாம ரிங்லெட் டவுன்ல ஒரு பாயோட துணிக்கடையில வாங்கிட்டு வந்து மாட்டி, பங்களாவுக்குக் கொண்டு போனோம். அக்காவும் நானும் ஏணி வச்சு மாட்டினோம். மாட்டி முடிச்சுக் கீழ இறங்கிப் பாத்தா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எல்லா மடிப்பும் இடப்பக்கமாச் சாஞ்சு படுத்திருக்கு. இடது திரை பரவாயில்ல, இழுத்தா ஒழுங்கா ஒதுங்குது. வலது திரை இழுக்க இழுக்க மடிப்புப் பிரிஞ்சு முன்னால துருத்திக்கிட்டு நிக்குது. படத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிமிந்து நின்னது. இங்க அஞ்சு ஜன்னலும் ஒரு பக்கம் ஒருக்களிச்சுக்கிட்டு நிக்குது.

அக்கா இடுப்புல கை வச்சுப் பாத்துட்டு, "அடிப்பாவி, ஜன்னலுக்குச் சேலை கட்டி விட்டிருக்கியேடி!"ன்னாங்க. சிரிச்சாங்க. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

தொரசானி வந்து பாத்துச்சு. திட்டியிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும். புத்தகத்தை எடுத்துட்டு வந்து ஒருதரம் படத்தைப் பாத்துச்சு, ஒருதரம் ஜன்னலைப் பாத்துச்சு. அன்னைக்குச் செவ்வாக்கிழமை. சனிக்கிழமை கோலாலம்பூர்ல இருந்து கம்பெனிப் பெரியவங்க வந்து அந்தக் கூடத்துலதான் சாப்பிடுறாங்க. "சரி, விடு. தலையை வெட்டிட்டு உறைத் தலையாவே தச்சிரு. ஒரு நாள்ல முடியும்தானே?"ன்னுச்சு.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. யார் மேலன்னு கேட்டா, என் மேலதான். அத்தனை தந்திரம் பண்ணி, கடைசியில நான் எதை வேணாம்னு சொன்னேனோ அதுவே என் தலையில வந்து விழுது. "இல்லம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. இந்தத் தலையையே சரியாத் தச்சுத் தர்றேன். வரலேன்னா உங்க இஷ்டம்"ன்னேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போச்சு. அக்கா பின்னால இருந்து என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தாங்க. தொரசானி என் வயித்தைப் பாத்துச்சு. அப்பத்தான் அது கவனிச்சிருக்கும். புத்தகத்தை என் கையில கொடுத்து, கொண்டு போன்னு சொல்லிருச்சு.

வீட்டுல உக்காந்து அந்தப் படத்தை வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். அப்பத்தான் பிடிபட்டுச்சு. கொசுவம் மாதிரி அடுக்கக் கூடாது. முதல்ல துணியை ஒரே ஒரு பெரிய மடிப்பாத் தூக்கி நிறுத்தி, தலைப் பட்டையோட கீழ் ஓரம் வரைக்கும் தச்சு, அப்புறம் அந்த ஒண்ணை விரலால மூணாக் கிள்ளி, அடியில நாலு தையல் போட்டா, அது ரெண்டு பக்கமும் சாயாம முன்னால பாத்து நிக்கும். அட கடவுளே, இவ்வளவுதானா! ஒரு துண்டுத் துணியில செஞ்சு பாத்தேன், நின்னுச்சு. வீட்டுக்காரருகிட்டக் காட்டினேன். "அழகாத்தான் நிக்குது. பத்துத் திரையையும் யாரு பிரிக்கிறது?"ன்னாரு.

"நீங்கதான்."

அந்த மனுஷனை நான் அவ்வளவு வேலை வாங்கினதே இல்ல. மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கிட்டு, பழைய பிளேடால ஒவ்வொரு தையலாப் பிரிச்சாரு. அவரோட சிநேகிதங்க வாசல்ல நின்னு, "என்னப்பா, சின்னப் புள்ளைக்குப் பாவாடை தைக்கிறியா?"ன்னு கேலி பண்ணினாங்க. "ஆமா, பொறக்கப் போற புள்ளைக்கு. உங்களுக்கென்ன வந்துச்சு?"ன்னு அவரு சொன்னாரு. அவரு பிரிக்கப் பிரிக்க நான் இஸ்திரி போட்டு, மடிச்சு, கிள்ளித் தச்சேன். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. ரெண்டு நாள் அக்காதான் சோறு கொண்டாந்து வச்சாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவங்களே துணிக்கட்டைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, மூச்சு வாங்க வாங்கப் பங்களா மேடு ஏறினாங்க. என்னைத் தூக்க விடல.

மாட்டினோம். இழுத்துப் பாத்தோம். அஞ்சு ஜன்னலும் அப்படியே அந்தப் படம்தான். தொரசானி முதல் முதலாச் சிரிச்சுச்சு. கோலாலம்பூர்லகூட இப்படித் தைக்க ஆள் கிடைக்காதுன்னு சொல்லுச்சு. திங்கக்கிழமையில இருந்து உன் பேரைப் பங்களாவுல எழுதச் சொல்லிட்டேன், மத்த அறைக்கும் தைக்கணும், துவைச்சு மாட்டணும், கூட மாட வீட்டு வேலையும் பாத்துக்கன்னுச்சு. அக்காவும் நானும் மேட்டுல இறங்கி வர்றப்ப நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதே போயிட்டேன். "சீ, எதுக்கு அழுவுற? புள்ளை தங்கிரும் போ"ன்னாங்க.

திங்கக்கிழமை காலையில பங்களாவுக்குப் போற வழியில பெரட்டு நடந்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் வரிசையா நிப்பாங்க, கணக்கெழுதுற கிராணி பேர் கூப்பிட்டு இன்னின்ன மலைக்குன்னு பிரிச்சு விடுவாரு. அக்கா பேரைக் கூப்பிட்டாரு. அக்கா கொழுந்து வரிசையில நிக்கிறாங்க. முதுகுல யாரோட கூடையோ.

நான் கிராணிகிட்டப் போய், தப்பா எழுதிட்டீங்க போலன்னு சொன்னேன். அவரு பேரேட்டுல இருந்து தலையைத் தூக்காமலே, "பங்களாவுக்கு ரெண்டு பேருதான் லா, கம்பெனி அவ்வளவுதான் குடுக்கும். ஒண்ணு சமைக்கிற குசினிக்காரரு, ஒண்ணு இனிமே நீ. ஒரு ஆள் வந்தா ஒரு ஆள் போகணும்தானே?"ன்னாரு.

அக்கா என்னைப் பாத்தாங்க. "போடி, நேரமாச்சு. தொரசானி தேடும்"ன்னாங்க. அவங்களுக்கும் அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கு.

அன்னைக்குப் பூரா நான் தொரசானிகிட்டப் பேசணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். என்ன சொல்லணும்னு கூட மனசுல மலாய்ல தயார் பண்ணி வச்சிருந்தேன். அவங்களை அனுப்பாதீங்க, அவங்களுக்கு இளைப்பு இருக்கு, அவங்கதான் என்னை இங்க கூட்டிட்டு வந்தாங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். நல்லது, அப்ப நீ போன்னு சொல்லும். மத்தியானம் தொரசானி மேசையில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்துச்சு. எதிர்ல போய் நின்னேன். "என்ன?"ன்னு கேட்டுச்சு. வயித்துல புள்ளை அசைஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி அசைஞ்சதை நான் உணர்ந்ததில்ல.

"கடைசி ஜன்னல்ல ஒரு கொக்கி லூசா இருக்கும்மா. மாத்திரட்டா?"ன்னேன்.

மாத்துன்னுச்சு. போய் மாத்தினேன். கொக்கியில ஒரு குறையும் இல்ல.

அதுக்கப்புறம் மாசம் மாசமா அந்த வாய் எனக்குத் திறக்கவே இல்ல. அக்கா என்னைத் திட்டல, சண்டைக்கு வரல. குழாய்கிட்டப் பாத்தா, தண்ணி பிடிச்சிட்டியான்னு கேப்பாங்க, போயிருவாங்க. கேலி, தலையில தட்டுறது எல்லாம் நின்னு போச்சு. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க இருமுறது கேக்கும். வீட்டுக்காரரு என் மூஞ்சியைப் பாப்பாரு. நான் திரும்பிப் படுத்துக்குவேன். எனக்கு என் புள்ளை பெருசு, வேற யாரும் பெருசில்லன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். இன்னைக்கு அதே இடத்துல நிக்க வச்சாலும் நான் அதே கொக்கியைத்தான் மாத்துவேன். அதை நினைச்சாத்தான் என் மேல எனக்கே ஆத்திரமா வருது.

நாள் நெருங்கி லீவுல வீட்டுல இருந்தப்ப, ஒரு முற்பகல்ல திடீர்னு வலி கண்டுச்சு. மழை கொட்டுது. டிரஸர் தோட்டத்தோட வேற பிரிவுக்குப் போயிட்டாரு. லயத்துல எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. வீட்டுக்காரரு கம்பை ஊணிக்கிட்டு ரோட்டுக்குப் போய் மலையைப் பாத்துக் கத்தினாரு. பக்கத்துச் சரிவுல பறிச்சுக்கிட்டு இருந்தது அக்கா. கூடையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாங்க. இடுப்புல கட்டின பிளாஸ்டிக் தாளெல்லாம் தண்ணி சொட்டுது. மூச்சு விசில் அடிக்குது. வந்ததும், "பயப்படாதடி, நான் இருக்கேன்"ன்னாங்க.

டிரஸர் வர்றதுக்குள்ள புள்ளை பொறந்திருச்சு. அக்காதான் பிடிச்சாங்க. துடைச்சு, துணியில சுத்தி, என் பக்கத்துல கிடத்திட்டு, "பொம்பளைப் புள்ளை. பத்து மாசமும் முழுசா இருந்திருக்கா. ஒரு குறையும் இல்ல"ன்னாங்க.

அப்புறம் கையைக் கழுவிக்கிட்டு அந்த ஈரத் தாளைத் திரும்ப இடுப்புல கட்டினாங்க. மத்தியானத்துக்கு மேல மலையில இல்லேன்னா கிராணி அரை நாள் பேரு வெட்டிருவான், நான் வர்றேன்னாங்க. உக்காருங்கக்கா, ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. புள்ளை முகத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அவங்க கதவைச் சாத்திக்கிட்டுப் போன சத்தம் மட்டும் கேட்டுச்சு.